உருக்காலையைப் பிடித்த உத்தரவு

வாயிற்கூட்டம் முடிந்து மைக்செட்டை இறக்குகிற நேரத்தில் தோழர்கள் வந்து கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "நமக்கு வேண்டிய சர்க்கார் வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் சட்டசபை, கமிட்டி, கவர்னர், கோர்ட்டு என்று இழுத்தடிக்க வேண்டுமா? முதலாளி இரவோடு இரவாகக் கதவடைப்பு நோட்டீஸ் ஒட்டுகிறானே! அதே போல இரவோடு இரவாக ஒரு கையெழுத்துப் போட்டு, ஆலையை எடுத்துக்கொண்டு கூலியை உயர்த்தினால் என்ன?"

கேட்கிறவர் பதவிக்கு அலைகிறவர் அல்லர். போனஸ் வழக்கு லேபர் கோர்ட்டில் ஆறு வருஷமாகத் தூங்க, நடையாய் நடந்து செருப்புத் தேய்ந்தவர். அவரிடம் அரசியல் சட்டப் புத்தகத்தை விரித்து, "இந்தப் பிரிவின்படி அது கூடாது" என்று சொல்லி அனுப்பிவிட முடியாது. அப்படிச் சொல்வது வக்கீலுக்குப் போதும், நமக்குப் போதாது. தொழிலாளியின் அனுபவத்தைக் கொண்டுதான் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அந்த அனுபவம் 1952ஆம் ஆண்டு அமெரிக்க உருக்குத் தொழிலாளிக்குக் கிடைத்தது. அவர் கேட்ட கையெழுத்தை ஒரு ஜனாதிபதி போட்டார். தொழிலாளிக்குச் சாதகமாகவே போட்டார். பிறகு என்ன ஆயிற்று என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

1951 டிசம்பர் 31ஆம் தேதியோடு அமெரிக்க உருக்குக் கம்பெனிகளுக்கும் தொழிற்சங்கத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் முடிந்தது. கொரிய யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். விலைவாசி ஏறியிருந்தது. சம்பள உயர்வு வேண்டுமென்று சங்கம் கேட்டது. சங்கத் தலைவர் பிலிப் மர்ரே, ஸ்காட்லாந்தில் பிறந்து, சுரங்கத்தில் இறங்கி வேலை செய்து வளர்ந்தவர். உடனே வேலைநிறுத்தம் செய்ய சங்கத்துக்கு உரிமை இருந்தது; ஆயினும் ஜனாதிபதி ஹாரி ட்ரூமன் கேட்டுக்கொண்டதற்கு இணங்கி, மூன்று மாதங்களுக்கு மேல் பொறுத்திருந்தது. சர்க்கார் அமைத்த சம்பளக் கட்டுப்பாட்டு வாரியம் இரு தரப்பையும் விசாரித்து, 1952 மார்ச்சில் தன் சிபாரிசைக் கொடுத்தது. மணிக்கு 17½ சென்ட் உயர்வு. அதையும் ஒரே நாளில் அல்ல, மூன்று தவணைகளில். சங்கம் ஒப்புக்கொண்டது.

கம்பெனிகள் என்ன சொல்லின? "சம்பளம் தருகிறோம், உருக்கின் விலையை டன்னுக்கு 12 டாலர் உயர்த்த அனுமதி கொடு!" சம்பள உயர்வைச் சாக்காக வைத்து, அதைவிடப் பன்மடங்கு லாபத்தைச் சுருட்டப் பார்த்தார்கள். இந்தத் தந்திரம் நம் தோழர்களுக்குப் புதிதல்ல. பஸ் கட்டணம் ஏறும்போதெல்லாம் கண்டக்டர் சம்பளத்தைக் காட்டுகிறார்கள் அல்லவா?

ஏப்ரல் 9ஆம் தேதி முதல் வேலைநிறுத்தம் என்று சங்கம் அறிவித்தது. அதற்கு முந்திய இரவு, ட்ரூமன் ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். நிர்வாக உத்தரவு எண் 10340. நாட்டின் பெரும்பாலான உருக்காலைகளை சர்க்கார் வசம் எடுத்துக்கொள்ளும்படி வர்த்தக மந்திரி சார்லஸ் சாயருக்கு அதில் கட்டளை இருந்தது. அன்றிரவே ரேடியோவிலும் டெலிவிஷனிலும் பேசிய ட்ரூமன், கம்பெனிகளின் பேராசையைக் காய்ச்சி எடுத்தார். கேட்ட தொழிலாளிக்கு எப்படி இருந்திருக்கும்! வேலைநிறுத்தத்தைச் சங்கம் விலக்கிக்கொண்டது. ஆலைகளின் மீது தேசியக் கொடி ஏறியது.

கொடி ஏறியது, நாற்காலி மாறவில்லை. சாயர் என்ன செய்தார் தெரியுமா? ஒவ்வொரு கம்பெனியின் தலைவரையும் அதே ஆலைக்கு சர்க்கார் சார்பான மானேஜராக நியமித்தார். நேற்று வரை சம்பளம் தர மறுத்தவர் இன்று சர்க்கார் பிரதிநிதி! சம்பளமோ ஒரு சென்ட்கூட ஏறவில்லை. ஏப்ரல் 9 முதல் ஜூன் 2 வரை ஏறக்குறைய எட்டு வாரங்கள், சர்க்கார் வசமிருந்த ஆலையில் தொழிலாளி பழைய கூலிக்கே உருக்கு வார்த்தார். இடையில் வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனபோது, முடிவு தெரியும்வரை வேலை நிபந்தனைகளை சர்க்கார் மாற்றக் கூடாது என்று அந்தக் கோர்ட்டே கட்டிப்போட்டது. வேலைநிறுத்தம் என்ற ஆயுதத்தைக் கீழே வைத்ததற்குத் தொழிலாளி பெற்ற கூலி இதுதான்.

இனி, உத்தரவுக்கு ஆதாரம் என்ன என்ற கேள்விக்கு வருவோம். ஆலைகளை எடுத்துக்கொள்ள ஜனாதிபதிக்கு எந்தச் சட்டம் அதிகாரம் கொடுத்தது? எந்தச் சட்டமும் கொடுக்கவில்லை. அமெரிக்காவில் சட்டம் செய்வது காங்கிரஸ். (நம் ஊர்க் காங்கிரஸ் கட்சியை நினைத்துக்கொள்ள வேண்டாம்; அந்நாட்டுப் பார்லிமெண்டுக்குப் பெயரே காங்கிரஸ்.) 1947இல் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் அங்கே விவாதிக்கப்பட்டபோது, தொழில் தகராறு வந்தால் ஆலையைக் கைப்பற்றும் அதிகாரத்தை ஜனாதிபதிக்குக் கொடுக்கலாமா என்ற யோசனையும் வந்தது. கொடுக்க வேண்டாம் என்று காங்கிரஸ் தீர்மானித்தது. அதற்குப் பதிலாக, 80 நாள் வேலைநிறுத்தத்தைத் தடுத்து வைக்கக் கோர்ட்டுக்குப் போகும் வழியை வைத்தது. அது தொழிலாளி விரோதச் சட்டம். ட்ரூமனே அதை ரத்து செய்து திருப்பியனுப்ப, அவர் தலைக்கு மேல் காங்கிரஸ் நிறைவேற்றியது. அந்தச் சட்டத்தைப் பயன்படுத்த ட்ரூமனுக்கு மனமில்லை. மூன்று மாதம் பொறுத்த சங்கத்தை இன்னும் 80 நாள் பொறு என்று சொல்வது அநியாயம் என்றார். அது உண்மைதான். கைப்பற்றிய மறுநாளே காங்கிரஸுக்குக் கடிதம் எழுதி, "வேறு வழி இருந்தால் நீங்கள் சட்டம் செய்யுங்கள்" என்றும் கேட்டார். காங்கிரஸ் வாயைத் திறக்கவில்லை. ஆகவே ட்ரூமன் யோக்கியர் அல்லர் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் இந்த விஷயம் படிக்கத்தக்கது. கெட்டவன் போட்ட கெட்ட உத்தரவைக் கண்டிக்க யாருக்கும் தெரியும்.

கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. வாஷிங்டனில் நீதிபதி டேவிட் பைன் முன் விசாரணை. சர்க்கார் வக்கீல் ஹோம்ஸ் பால்டிரிட்ஜ் எழுந்து சொன்ன வாதத்தைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். அரசியல் சட்டம் பார்லிமெண்டுக்கு எல்லை வகுத்திருக்கிறது, கோர்ட்டுக்கும் வகுத்திருக்கிறது, ஆனால் நெருக்கடியில் ஜனாதிபதிக்கு வகுக்கவில்லை என்ற பொருள்பட அவர் பேசினார். ஜனாதிபதிக்குத் தடைகள் இரண்டேதானாம்: ஒன்று, அடுத்த தேர்தல்; மற்றது, குற்றம் சாட்டிப் பதவி நீக்கம் செய்வது. இடையில் கோர்ட்டுக்கு வேலை இல்லையாம்! நாடே திடுக்கிட்டது. அதே மாதத்தில் பத்திரிகைக்காரர்கள், "உருக்காலையைப் பிடிக்கலாம் என்றால் பத்திரிகையையும் ரேடியோவையும் பிடிக்கலாமா?" என்று ட்ரூமனிடம் கேட்டிருந்தனர். முடியாது என்று நேராகச் சொல்ல அவர் தயங்கினார். தம் வக்கீலின் வாதத்திலிருந்து பிற்பாடு அவரே பின்வாங்க நேர்ந்தது.

ஏப்ரல் 29இல் நீதிபதி பைன் உத்தரவு செல்லாது என்று தீர்ப்புக் கூறினார். வேலைநிறுத்தத்தால் எத்தனை கேடு வந்தாலும், எல்லையற்ற அதிகாரம் ஒருவருக்கு உண்டு என்று ஒப்புக்கொள்வதால் வரும் கேடு அதைவிடப் பெரியது என்பது அவர் கருத்து. ஜூன் 2இல் சுப்ரீம் கோர்ட்டு ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அதையே உறுதி செய்தது. அந்த ஒன்பது நீதிபதிகளில் ஒவ்வொருவரும் ரூஸ்வெல்ட்டோ ட்ரூமனோ நியமித்தவர். ட்ரூமன் நியமித்த நால்வரில் இருவர் அவருக்கு எதிராகவே நின்றனர். அவர்களில் டாம் கிளார்க் ட்ரூமனிடமே அட்டர்னி ஜெனரலாக இருந்தவர்! தீர்ப்பு வந்த சிறிது நேரத்துக்குள் ட்ரூமன் ஆலைகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். தீர்ப்பு பிடிக்கவில்லை, ஆனால் கீழ்ப்படிந்தார். இந்த ஒரு செய்கைக்காக அவருக்கு ஒரு வணக்கம் சொல்லலாம். தீர்ப்பைக் காகிதக் குப்பையாக்க நினைக்கும் ஆட்சியாளர்களை உலகம் அதற்கு முன்பும் பார்த்திருக்கிறது, பின்பும் பார்த்திருக்கிறது.

பிரதானத் தீர்ப்பை எழுதியவர் ஹ்யூகோ பிளாக். அதன் சாரம் எளியது. ஜனாதிபதியின் அதிகாரம் ஒன்று சட்டத்திலிருந்து வர வேண்டும், அல்லது அரசியல் சட்டத்திலிருந்து வர வேண்டும். இந்த உத்தரவுக்கு இரண்டும் இல்லை. சட்டம் செய்யும் வேலை காங்கிரஸுடையது, அதை நிறைவேற்றுவதே ஜனாதிபதியுடையது. ஆனால் காலத்தால் நிலைத்தது, உடன்பட்டுத் தனியே எழுதிய ராபர்ட் ஜாக்சனின் தீர்ப்பு. அவர் மூன்று நிலைகளைப் பிரித்தார். சட்டமன்றம் கொடுத்த அதிகாரத்தோடு நிர்வாகம் செயல்பட்டால் அதன் கை ஓங்கியிருக்கும். சட்டமன்றம் ஒன்றும் சொல்லாதபோது செயல்பட்டால் அது அந்தி வேளை. சூழ்நிலையைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். சட்டமன்றத்தின் விருப்பத்துக்கு விரோதமாகச் செயல்பட்டால் நிர்வாகத்தின் பலம் மிகமிகக் குறைவு. ட்ரூமன் மூன்றாவது இடத்தில் நின்றார் என்றார் ஜாக்சன்.

இதைத் தொழிலாளியின் பாஷையில் சொல்லலாம். ஆலையில் ஸ்டாண்டிங் ஆர்டரை எழுதுகிறவர் மானேஜர். அதை மீறியதாகச் சார்ஜ் மெமோ கொடுக்கிறவரும் அவரே. உள்விசாரணைக்கு அதிகாரியாக உட்காருகிறவர் அவர் அறைக்குப் பக்கத்து அறைக்காரர். வேலைநீக்க உத்தரவில் மறுபடியும் மானேஜர் கையெழுத்து! இந்த ஏற்பாட்டில் யாருக்காவது நீதி கிடைத்ததுண்டா? சில மானேஜர்கள் நல்லவர்கள் என்பதால் இந்த ஏற்பாடு நல்லதாகி விடுமா? ஸ்டாண்டிங் ஆர்டரை மூன்றாவது மனிதர் சான்று செய்ய வேண்டும், வேலைநீக்கத்தை வெளியே ஒரு கோர்ட்டு விசாரிக்க வேண்டும் என்று சங்கங்கள் போராடிப் பெற்றதும், அரசியல் சட்டக்காரர்கள் அதிகாரப் பிரிவினை என்று பெயர் வைத்திருப்பதும் ஒரே சரக்குத்தான்.

"சரி, ஆலைகள் மறுபடியும் முதலாளி கைக்குத்தானே போயின? இதில் தொழிலாளிக்கு என்ன லாபம்?" என்று நம் தோழர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்வி. தீர்ப்பால் அன்று கொட்டி முழக்கியவர்கள் கம்பெனிக்காரர்களே. அவர்கள் சொத்துரிமையைப் பாடினார்கள். கோர்ட்டு தொழிலாளிக்காகக் கண்ணீர் விட்டது என்று சொன்னால் அது பொய்.

ஆனால் ட்ரூமன் எடுத்த ஆயுதத்தின் பூர்வோத்திரத்தைப் பாருங்கள். 1941 ஜூன் மாதம் கலிபோர்னியாவில் நார்த் அமெரிக்கன் விமானத் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம். ரூஸ்வெல்ட் ஓர் உத்தரவு போட்டு அந்தத் தொழிற்சாலையைக் கைப்பற்றினார். யாருக்காக? பயனெட் மாட்டிய துப்பாக்கிகளோடு பட்டாளம் வந்து மறியலைக் கலைத்தது. அன்றைக்கு அந்த உத்தரவை நியாயப்படுத்திய அட்டர்னி ஜெனரல் யார் தெரியுமா? இதே ராபர்ட் ஜாக்சன்! 1952இல் ட்ரூமனின் வக்கீல்கள் அந்தப் பழைய ஏட்டை ஜாக்சன் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். சர்க்கார் வக்கீலாக அன்று பேசியதை நீதிபதியாக இன்று அளவுகோலாகக் கொள்ள முடியாது என்று அவர் அதை ஒதுக்கி வைத்தார்.

1946 மே மாதம் நிலக்கரிச் சுரங்கங்களைக் கைப்பற்றியவரும் ட்ரூமன்தான். அப்போது யுத்தகாலச் சட்டம் ஒன்று அதற்கு இடம் கொடுத்தது. அந்த ஆண்டின் இறுதியில் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ததும், சர்க்கார் கோர்ட்டில் தடை உத்தரவு வாங்கியது. தொழில் தகராறில் தடை உத்தரவு கூடாது என்று 1932ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளியைப் பாதுகாத்ததே, அது என்ன ஆயிற்று? "சுரங்கம் இப்போது சர்க்கார் வசம், சர்க்காரே எஜமானன், அந்தப் பாதுகாப்பு தனியார் முதலாளிக்கு எதிராக மட்டுமே" என்று சுப்ரீம் கோர்ட்டு 1947இல் சொல்லிவிட்டது. தலைவர் ஜான் எல். லூயிஸுக்கு 10,000 டாலர் அபராதம். சங்கத்துக்கு முதலில் 35 லட்சம் டாலர், பிறகு நிபந்தனையோடு 7 லட்சமாகக் குறைப்பு. சர்க்கார் எடுத்துக்கொண்டதே சங்கத்தின் கழுத்துக்குச் சுருக்காயிற்று!

அதே 1946 மே மாதத்தில் ரயில்வே வேலைநிறுத்தம் வந்தபோது, வேலைநிறுத்தம் செய்கிறவர்களைப் பட்டாளத்தில் கட்டாயமாகச் சேர்க்க அதிகாரம் கொடு என்று ட்ரூமன் காங்கிரஸின் கூட்டுக் கூட்டத்திலேயே கேட்டார். பிரதிநிதிகள் சபை 306க்கு 13 என்ற வாக்கில் உடனே தூக்கிக் கொடுத்தது. செனட் சபை மறுத்தது. மறுத்தவர்களில் முன்னணியில் நின்றவர், மறு ஆண்டு தொழிலாளி விரோதச் சட்டத்துக்குத் தம் பெயரைக் கொடுத்த அதே ராபர்ட் டாஃப்ட். சரித்திரத்தில் இப்படியும் வேடிக்கைகள் உண்டு. அன்று அந்தக் கோரிக்கை சபைக்கு வராமல் உத்தரவாகவே வந்திருந்தால், ரயில்வேத் தொழிலாளி யூனிபார்ம் மாட்டிக்கொண்டு எஞ்சின் ஓட்டியிருப்பார்.

ஜாக்சன் தம் தீர்ப்பில் ஜெர்மனியையும் நினைவூட்டினார். நாஜிகளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய நூரம்பெர்க் வழக்கில் அமெரிக்காவின் பிரதான வக்கீல் அவர், தெரிந்து பேசினார். ஜெர்மனியின் அரசியல் சட்டத்தில் நெருக்கடி வந்தால் ஜனாதிபதி உரிமைகளை நிறுத்தி வைக்க இடமிருந்தது. 13 ஆண்டுகளில் 250 தடவைக்கு மேல் நிறுத்தி வைத்தார்கள். அதைச் செய்தவர்கள் அனைவரும் ஹிட்லர்கள் அல்லர், பலர் ஜனநாயகவாதிகள். பழக்கம் ஊறிய பிறகு 1933 பிப்ரவரி 28இல் ஹிட்லருக்காக ஹிண்டன்பர்க் போட்ட கையெழுத்து வந்தது. அந்த உரிமைகள் திரும்பவே இல்லை. அவ்வாண்டு மே தினத்தை நாஜி சர்க்கார் விடுமுறை விட்டுக் கொண்டாடியது. மறுநாள், மே 2ஆம் தேதி, நாடெங்கும் தொழிற்சங்க அலுவலகங்களுக்குள் புகுந்து தலைவர்களைப் பிடித்துக்கொண்டு போனது.

உருக்குத் தொழிலாளியின் கதை எப்படி முடிந்தது? ஜூன் 2இல் தீர்ப்பு வந்ததும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலையை நிறுத்தினர். 53 நாள் நின்றனர். ஜூலை 24இல் ஒப்பந்தம் ஆயிற்று. வாரியம் சிபாரிசு செய்ததைவிடச் சற்றுக் குறைவு. ஆனாலும் சம்பளம் உயர்ந்தது, சங்கத்தின் பிடியும் பலப்பட்டது. கம்பெனிகள் கேட்ட 12 டாலர் கிடைக்கவில்லை. டன்னுக்கு 5 டாலர் 20 சென்ட் கிடைத்தது. உத்தரவு எட்டு வாரத்தில் தராததைக் கட்டிய கை ஏழரை வாரத்தில் பெற்றது.

இது அமெரிக்கக் கதை. அங்கே ஜனாதிபதிக்குச் சட்டம் செய்யும் அதிகாரம் இல்லை. நம் நாட்டிலோ அரசியல் சட்டமே ஆர்டினன்ஸ் என்ற வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. சபை கூடாத காலத்தில் மத்தியில் ஜனாதிபதி பெயராலும் மாகாணத்தில் கவர்னர் பெயராலும் மந்திரிசபை ஆர்டினன்ஸ் போடலாம். சபை கூடி ஆறு வாரத்துக்குள் சட்டமாகாவிட்டால் அது காலாவதி. பீகாரில் இந்த வாசலையே வீடாக்கிக்கொண்டார்கள். 1967 முதல் 1981 வரை 256 ஆர்டினன்ஸ்கள். காலாவதியாகும் முன் மறுபடி மறுபடி பிறப்பித்து, ஒரு வருஷம் முதல் 14 வருஷம் வரை உயிரோடு வைத்திருந்தார்கள். 1986இல் சுப்ரீம் கோர்ட்டு இது அரசியல் சட்டத்தின் மீது செய்த மோசடி என்றது. அப்படியும் திருந்தவில்லை.

1989 டிசம்பரில் அதே பீகார் சர்க்கார் 429 தனியார் சமஸ்கிருதப் பள்ளிக்கூடங்களை ஆர்டினன்ஸ் மூலம் எடுத்துக்கொண்டது. அந்த வாத்தியார்களுக்கு எத்தனை மகிழ்ச்சி! இனி சர்க்கார் உத்தியோகம், சர்க்கார் சம்பளம். ஆர்டினன்ஸ் மேல் ஆர்டினன்ஸாகப் போட்டார்கள். ஒன்றைக்கூடச் சட்டசபை முன் வைக்கவில்லை. 1992 ஏப்ரல் 30இல் கடைசி ஆர்டினன்ஸ் செத்தது. சட்டம் வரவில்லை. வாத்தியார்கள் கோர்ட்டு ஏறினார்கள். 2017 ஜனவரி 2இல் ஏழு நீதிபதிகள் கொண்ட பெஞ்சு முடிவு சொன்னது: திரும்பத் திரும்ப ஆர்டினன்ஸ் போட்டது மோசடி, அதிலிருந்து நிலையான உரிமை எதுவும் பிறக்காது, ஏற்கெனவே வாங்கிய சம்பளத்தைத் திருப்பித் தர வேண்டாம், அவ்வளவே. கால் நூற்றாண்டு கழித்து! சட்டசபையில் ஒரு நாள் வைத்து நிறைவேற்றியிருந்தால் அந்தக் குடும்பங்கள் தப்பியிருக்கும். நம் தோழர் கேட்ட "ஒரே கையெழுத்து" இதுதான்.

தமிழ்நாட்டில் 2003 ஜூலை நினைவிருக்கிறதா? அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூலை 4இல் அன்றைய அ.தி.மு.க. அரசு ஓர் ஆர்டினன்ஸைக் கொண்டுவந்தது. ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் மொத்தமாக வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். சுப்ரீம் கோர்ட்டு பெரும்பாலோரை மன்னிப்புக் கடிதத்தின் பேரில் திரும்ப வேலைக்கு எடுக்கச் செய்தது. கூடவே, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமையே இல்லை என்றும் சொல்லிவைத்தது. கோர்ட்டைக் கோயிலாக்கிக் கும்பிட வேண்டாம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

ஆனால் கோர்ட்டு தேவையில்லை என்று சொல்வதற்கும் சாட்சி இல்லை. 2020 ஏப்ரல் 17இல், கொரோனா ஊரடங்கின் நடுவில், குஜராத் அரசு ஓர் அறிவிக்கை போட்டது. தொழிற்சாலைகளில் நாளைக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு 72 மணி நேரம் வேலை வாங்கலாம். ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி வேண்டாம். உதாரணமும் அவர்களே போட்டுக் காட்டினார்கள்: எட்டு மணிக்கு 80 ரூபாய் என்றால் 12 மணிக்கு 120 ரூபாய். நாம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரத்துக்கு 72 மணி, மணிக்கு 10 ரூபாய். அவர்கள் கணக்கில் 720 ரூபாய். சட்டப்படி 48 மணிக்கு மேற்பட்ட 24 மணிக்கும் இரட்டைக் கூலி. ஆக 960 ரூபாய். வாரத்துக்கு 240 ரூபாய் தொழிலாளியின் மடியிலிருந்து முதலாளியின் பெட்டிக்குப் போக ஓர் அறிவிக்கை போதுமாயிருந்தது. சட்டசபை கூடவில்லை, ஒரு கை உயரவில்லை. "பொது நெருக்கடி" வந்தால் விலக்கு அளிக்கலாம் என்ற தொழிற்சாலைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவையே காரணம் காட்டினார்கள். சங்கங்கள் வழக்குப் போட்டன. 2020 அக்டோபர் 1இல் சுப்ரீம் கோர்ட்டு அறிவிக்கைகளை ரத்து செய்தது. அந்தப் பிரிவில் நெருக்கடி என்றால் யுத்தம், அந்நியப் படையெடுப்பு, உள்நாட்டுக் குழப்பம் ஆகியவற்றால் தேசத்தின் பாதுகாப்புக்கே ஆபத்து என்று பொருள். தொற்றுநோயால் வந்த பொருளாதாரச் சரிவு அதில் அடங்காது. ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி கொடு என்றது. சட்டமன்றம் நிர்வாகத்துக்கு எவ்வளவு கயிறு கொடுத்ததோ அவ்வளவுதான் கயிறு. ஜாக்சனின் மூன்றாவது நிலை குஜராத் நூற்பாலைக்குள் வந்து நின்ற கதை இது.

12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் திருத்தம் 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டசபைக்கே வந்தது. ஆளும் கட்சியின் தோழமைக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. இருந்தும் நிறைவேறியது. மறுநாள் முதல் சங்கங்கள் கொதித்தன. மசோதா நிறுத்தி வைக்கப்பட்டு, மே தினத்தன்று வாபஸ் என்று முதலமைச்சரே அறிவித்தார். மசோதா என்றால் சபையில் வைக்க வேண்டியிருக்கிறது. வைத்தால் நாலு பேர் எழுந்து பேசுகிறார்கள். பேசினால் பத்திரிகையில் வருகிறது. வந்தால் ஆலைவாசலில் கூட்டம் கூடுகிறது. அறிவிக்கைக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது.

இப்போது கவனிக்க வேண்டியது வேறொன்று. 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் அமலுக்குக் கொண்டுவந்தது. அவற்றில் ஒன்று தொழிற்பாதுகாப்பு, சுகாதாரம், வேலை நிலைமைகள் பற்றியது. பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்தில் வந்து உட்கார்ந்திருப்பது. பொருளாதார நடவடிக்கையும் வேலைவாய்ப்பும் பெருக வேண்டும் என்று கருதினால், புதிய தொழிற்சாலைகளுக்கு அந்தத் தொகுப்பின் எல்லாப் பிரிவுகளிலிருந்துமோ சிலவற்றிலிருந்தோ மாகாண சர்க்கார் அறிவிக்கை மூலம் விலக்குக் கொடுக்கலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள். குஜராத் சர்க்கார் 2020இல் திருடிய கயிற்றைப் பார்லிமெண்டே இப்போது கையில் கொடுத்திருக்கிறது. அதிகாரம் தன் விரலிடுக்கில் நழுவாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது சட்டமன்றம்தான், கோர்ட்டால் அதைத் தடுக்க முடியாது என்று ஜாக்சன் 1952இலேயே எழுதி வைத்தார். 2020 செப்டம்பரில், எதிர்க்கட்சிகள் வெளியே நின்ற நேரத்தில், பார்லிமெண்ட் அந்தத் தொகுப்பை நிறைவேற்றிக்கொண்டது.

ஆகவே வாயிற்கூட்டத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கிற தோழரிடம் இந்த விலக்குப் பிரிவை எடுத்துப் படித்துக் காட்டுங்கள். நாளைக்கு ஒரு புதிய ஆலைக்கு அதன்படி விலக்குக் கொடுத்தால் சபையில் மணி அடிக்காது, ஓட்டெடுப்பு நடக்காது. கெஜட்டில் ஒரு பக்கம் அச்சாகும். ஷிப்டு மாற்றும் நேரத்தில் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருப்பதைப் பார்த்துத்தான் தொழிலாளிக்குத் தெரியும்.